சுகரோடு நோன்பு: ரஜப் பிறையிலேயே ஆரம்பியுங்கள்

பரங்கிப்பேட்டையில் எங்கள் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. ரமலான் பிறை தெரிந்த இரவு கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே, இந்த வருஷம் யார் யார் அஸர் (பிற்பகல் தொழுகை) நேரத்தில் தலை சுற்றி உட்காரப் போகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். "லாத்தா, காலை மாத்திரையை சஹர்ல போட்டுக்கலாமா?" முதல் சஹருக்கு, அதாவது விடியலுக்கு முன் சாப்பிடும் வேளைக்கு, இன்னும் ஆறு மணி நேரம்தான் இருக்கும். அப்போதுதான் இந்தக் கேள்வி வரும். சீட்டு எழுதிய டாக்டர் சிதம்பரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்.

நான் டாக்டர் இல்லை. டி.ஃபார்ம் படித்தவள். எனக்கு ஏழு வருஷமாகச் சுகர், வாப்பாவுக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். இங்கே எழுதுவதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாத்திரையை மாற்றிக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

முதலில் எங்கள் வீட்டுத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2017 ரமலான். மே கடைசியில் தொடங்கி ஜூன் கடைசி வரை, நல்ல வெயில். வாப்பா அப்போது கிளைபென்கிளமைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். காலையில் ஒன்று, இரவு அரை. நோன்பு வந்ததும் காலை மாத்திரையை அப்படியே சஹருக்கு மாற்றிக்கொண்டார். பசியில்லை என்று அன்று சஹரில் நாலு வாய்தான் சாப்பிட்டார். அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர் காரணமில்லாமல் எல்லோரையும் ஏசினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெயில், நோன்புக் களைப்பு என்று நினைத்தோம். என்னைக் கூப்பிடும்போது மவுத்தாகிவிட்ட என் உம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 48. எழுபதுக்குக் கீழே போகவே கூடாது.

"இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே, பாங்கு சொல்லிடுவாங்க" என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மகள் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், அவளிடமே இந்த மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. கெஞ்சி, அதட்டி, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிஷத்தில் 61. இன்னொரு தடவை கொடுத்ததும் 92. அதோடு முடியவில்லை. அந்த மாத்திரை உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் ஜாதி. டாக்டருக்குப் போன் செய்தால், இரவு முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள் என்றார். பதினொரு மணிக்கு மறுபடி 66க்கு இறங்கியது. விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

தப்பு எங்கே நடந்தது என்று பாருங்கள். மருந்துச் சீட்டு சோற்றை அனுசரித்து எழுதப்படுகிறது. நாள் முழுக்கச் சாப்பிடப் போகும் ஆளுக்குக் காலையில் பெரிய அளவு, தூங்கப் போகும் ஆளுக்கு இரவில் சின்ன அளவு. நோன்பில் இரவு பகலாகிறது. பெரிய சாப்பாடு நோன்பு திறந்த பிறகு. சஹருக்குப் பின் 13 மணி நேரம் ஒன்றுமில்லை. ஆகவே, பொதுவாக, காலையின் பெரிய அளவு நோன்பு திறப்புக்குப் போக வேண்டும். இரவின் சின்ன அளவு சஹருக்கு வர வேண்டும், அதையும் குறைக்க வேண்டியிருக்கலாம். காலைக்குப் பதில் சஹர் என்று நேராக மாற்றிப் போட்டால் வாப்பா கதைதான்.

இது ஒரு வீட்டுக் கதையும் இல்லை. 2001இல் 13 நாடுகளில் சுகர் உள்ள 12,000 பேருக்கு மேல் எடுத்த எபிடயார் என்ற ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குச் சுகர் இறங்குவது டைப் 2 (பெரும்பாலும் வயது வந்த பின் வருகிற வகை) காரர்களுக்கு ரமலானில் சுமார் ஏழரை மடங்கு கூடியது தெரிந்தது. டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) காரர்களுக்கு ஐந்து மடங்கை ஒட்டி.

சரி, எப்போது ஆரம்பிப்பது? நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டிகளில் உள்ள கணக்கு. நம் பிறைக் கணக்கில் அது ரமலானுக்கு இரண்டு மாதம் முன்னால் வரும் ரஜப் மாதம். ரஜப் பிறை பார்த்ததும் டாக்டரிடம் ஒரு நாள் குறித்துவிடுங்கள். சிதம்பரமோ, கடலூரோ, விடியற்காலை பஸ் பிடித்து ஜிப்மருக்குப் போகிறவர்களோ, யாராக இருந்தாலும் மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள் பலர் டாக்டர் முகத்தையே மாதக்கணக்கில் பார்ப்பதில்லை. மாத்திரை வீடு தேடி வரட்டும், நோன்பு விஷயத்துக்கு மட்டும் நீங்கள் நேரில் போய்விடுங்கள்.

டாக்டரிடம் "நோன்பு பிடிக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். சிலர் விறைப்பாக "வேண்டாம்" என்பார்கள், சிலர் "உங்க இஷ்டம்" என்பார்கள். "நோன்பில் ஒவ்வொரு மாத்திரையும் எந்த நேரம், எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யாருக்கு நோன்பு வேண்டாம் என்பார்கள்? கடந்த மூன்று மாதத்துக்குள் சுகர் கடுமையாக இறங்கி விழுந்தவர்கள். சுகர் இறங்குவதே தெரியாமல் போகிறவர்கள். டயாலிசிஸில் இருப்பவர்கள், சிறுநீரகம் வெகுவாகக் கெட்டவர்கள். கட்டுப்பாட்டில் இல்லாத டைப் 1. இன்சுலின் போடும் கர்ப்பிணிகள். காய்ச்சல், வாந்தி, காலில் சீழ் பிடித்த புண் என்று அப்போதைக்கு நோயில் கிடப்பவர்கள். தனியாக வாழும் தள்ளாத வயதுக்காரர்களை நானாகவே இதில் சேர்த்துக்கொள்வேன். மயங்கினால் பார்க்க ஆள் வேண்டுமே.

இவர்களிடம் வாதாட எனக்கு மார்க்க அறிவு போதாது. அதனால் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அனுப்பிவிடுவேன். நோயாளியும் பிரயாணியும் வேறு நாட்களில் பிடித்துக்கொள்ளட்டும் என்பது சூரா பகராவிலேயே, 184, 185 வசனங்களில் இருக்கிறது. அதே இடத்தில் "அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான்" என்றும் வருகிறது. பின்னால் களா செய்ய (விட்ட நோன்பைத் திரும்பப் பிடிக்க) முடிகிறவர் செய்ய வேண்டும். குணமாகாத நோய் என்றால் விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யாவாக (ஈடாக) ஒரு ஏழைக்குச் சாப்பாடு. வாப்பா அன்று நோன்பை விட்டதற்காக அழுதார். மறுநாள் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, "உசிரைக் காப்பாத்தறதும் அமானிதம்தான் காக்கா" என்று சொன்ன பிறகுதான் சமாதானமானார். டாக்டர் சொல்லி ஹஜ்ரத்தும் சொன்னால்தான் எங்கள் ஊரில் எடுபடும். இருவரையும் பாருங்கள்.

அப்புறம், ஒத்திகை. ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதம் பதினைந்து, பராஅத் நோன்பு நம்மில் நிறையப் பேர் பிடிக்கிறோம். டாக்டர் நேரத்தை மாற்றிக் கொடுத்த பிறகு, அந்த ஒரு நோன்பைக் குளுக்கோமீட்டரோடு பிடித்துப் பாருங்கள். ஆறு தடவை குத்தி எழுதுங்கள். எந்த நேரத்தில் இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டினால், ரமலானுக்கு முன்பே அளவைத் திருத்த அவருக்கு இரண்டு வாரம் இருக்கிறது. நான் மூன்று வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். முதல் தடவை மதியம் இரண்டரைக்கு 74 காட்டியது. டாக்டர் சஹரில் போடும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார்.

மாத்திரைகளைப் பற்றி, கவுன்டரில் நான் தினம் கைமாற்றும் பெயர்களை வைத்தே சொல்கிறேன்.

மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்குச் சுகர் திடீரென்று இறங்கும் பயம் குறைவு. ஒரு வேளைக்காரர்கள் நோன்பு திறந்ததும், இரண்டு வேளைக்காரர்கள் திறப்புக்கும் சஹருக்கும். மூன்று வேளை என்றால் மதியத்தையும் இரவையும் நோன்பு திறப்பில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் வகைகளுக்குப் பெரும்பாலும் அளவு மாற்றம் தேவைப்படாது. பயப்பட வேண்டியது கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, அதிலும் பழைய கிளைபென்கிளமைடு. இவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைப் பிழிந்து இறக்கும். ஒரு வேளை போடுவது நோன்பு திறப்புக்கு மாறும். இரண்டு வேளை என்றால் சஹர் அளவு குறையும். கிளைபென்கிளமைடு என்றால் வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டே ஆக வேண்டும். அட்டையின் பின்னால் இந்தப் பெயர் சின்ன எழுத்தில் கலவை மாத்திரைக்குள் ஒளிந்திருக்கும், கடையில் கேளுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியே தள்ளுபவை. உடம்புத் தண்ணீரும் கூடவே போகும். நோன்பு திறப்புக்குப் போட்டு, இரவில் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ரமலான் ஆரம்பித்த பிறகு புதிதாக இதைத் தொடங்கக் கூடாது. முன்கூட்டியே தொடங்கி உடம்பு பழகியிருக்க வேண்டும். நீர் பிரியும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து ஓடுகிறதென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்சுலின் அளவை நீங்களாகத் தொடவே தொடாதீர்கள். டாக்டர்கள் எப்படி மாற்றுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு வேளை போடும் நீண்ட நேர இன்சுலினை நோன்பு திறப்பு நேரத்துக்கு மாற்றி, 15 முதல் 30 சதவீதம் குறைப்பார்கள். காலை, இரவு போடும் கலவை இன்சுலினில் காலை அளவு நோன்பு திறப்புக்குப் போகும். இரவு அளவில் கால்வாசி முதல் பாதி வரை குறைத்து சஹருக்கு வரும். கரன்ட் போனால் இன்சுலினை ஃப்ரீசரில் வைக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். உறைந்த இன்சுலின் தண்டம், தூக்கிப் போட வேண்டியதுதான். மண்பானையில் தண்ணீருக்கு நடுவே சின்ன டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும்.

இனி குளுக்கோமீட்டர். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்கள் பரவலாகச் சொல்வது. இன்சுலின் ஊசியும் அப்படியே. ஆனால் "ரத்தம் வந்தா நோன்பு போயிடும்ல?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இந்தத் தயக்கத்திலேயே பகலில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் போகிறவர்கள் அதிகம். பார்க்க வேண்டிய நேரங்கள்: சஹருக்கு முன், காலை பத்து மணி வாக்கில், லுஹர் (நடுப்பகல் தொழுகை), அஸர், நோன்பு திறப்பதற்கு முன், திறந்து இரண்டு மணி நேரம் கழித்து. ஸ்ட்ரிப் விலை எனக்குத் தெரியும், விற்கிறவளே நான்தானே. ஆறு தடவை கட்டுப்படியாகாது என்றால் முதல் வாரம் நெருக்கமாகப் பாருங்கள். பிறகு லுஹரும் அஸரும் விடாதீர்கள். உடம்பு ஒரு மாதிரி இருந்தால் மணி பார்க்காமல் குத்துங்கள்.

பேரீச்சம்பழம் தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் 280 என்று பயமுறுத்தும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்தே வைக்காதீர்கள், நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் சீக்கிரம் கெட்டுவிடும். ஊசியை விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

இப்போது எண்கள். இதைப் பெரிதாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். 70க்குக் கீழே வந்தால் நோன்பைத் திறந்துவிட வேண்டும், எந்த நேரமானாலும். 70க்கும் 90க்கும் நடுவில் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். 300க்கு மேல் போனாலும் திறந்துவிட வேண்டும். இந்த மூன்றாவதுதான் நம் ஆட்களுக்கு ஏறுவதில்லை. "சுகர் ஏறினா பட்டினி கிடந்தா இறங்கிடுமே" என்பார்கள். இறங்காது. உடம்பு காய்ந்துகொண்டே போகும், ரத்தத்தில் சர்க்கரை இன்னும் கெட்டிப்படும். தண்ணீர் குடித்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். கூடவே வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு என்றால் 108க்கு.

எண் எதுவாக இருந்தாலும், குளிர்ந்த வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் என்றால் அதுவும் நோன்பு திறக்கும் நேரம்தான். கடைசியில் சொன்ன கோபத்தை வீட்டுக்காரர்கள் கவனியுங்கள். ஆண்கள் அஸர் நேரத்தில் கத்துவது நம் வீடுகளில் புதிதில்லை என்பதால், அது சுகர் இறங்கிய கத்தல் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். முதலில் விரலைக் குத்துங்கள், பிறகு சண்டை போடலாம்.

இறங்கினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில். பதினைந்து நிமிஷம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட், பிஸ்கட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாக ஏறும். வோக்ளிபோஸ் போடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும், அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோ, பைக், போட் ஓட்டுகிறவர்கள் சட்டைப் பையிலேயே குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள். அன்னங்கோயிலிலிருந்து கடலுக்குப் போகும் ஒருவர் போட்டில் ஒரு டப்பா, வீட்டில் ஒரு டப்பா என்று வருஷா வருஷம் வாங்கிப் போவார்.

சாப்பாட்டுக்கு வருவோம். எல்லோரும் பேரீச்சம்பழத்தைத்தான் பழிக்கிறார்கள். ஒன்று போதும், சின்னதென்றால் இரண்டு. சுகரை ஏற்றுவதில் அதைவிடப் பெரிய ஆள் கஞ்சி. பச்சரிசி குழையக் குழைய வெந்தது நேராக ரத்தத்துக்குப் போய்விடும். அதற்காகப் பள்ளிவாசல் கஞ்சியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. தூக்குவாளியில் வரும் அந்த வாசனை இல்லாமல் என்ன ரமலான்? தண்ணீரும் உப்பும் அதில் இருக்கிறது, அது நல்லதுதான். ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள். வீட்டில் காய்ச்சினால் அரிசியைப் பாதியாக்கி, மீதிக்குச் சம்பா கோதுமை ரவையும் பாசிப்பருப்பும் போட்டு, வெந்தயத்தைத் தாராளமாகப் போடுகிறேன். தேங்காய்ப்பால் கொஞ்சம். முதல் நாள் எல்லோரும் முகம் சுளித்தார்கள், இப்போது மச்சி வந்து வாங்கிப் போகிறாள்.

வாடா, சமோசா எண்ணெய்ப் பண்டங்களின் குணம் வேறு. உடனே ஏறாது. பத்து, பதினொரு மணிக்கு ஏறும், அப்போதுதான் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்து புரோட்டாவும் சால்னாவும் உள்ளே போகும். இரண்டும் சேர்ந்து சஹர் வரை 250லேயே நிற்கும். இறால் வாடா ஒன்று சாப்பிடுங்கள், நாலு வேண்டாம். ரோஸ் மில்க், நன்னாரி சர்பத் சுகர்காரர்களுக்கு இல்லை. எலுமிச்சை பிழிந்த உப்புத் தண்ணீர், மோர் போதும், பாட்டில் பானம் எதுவும் தேவையில்லை. இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்து, படுப்பதற்குள் ஒன்றரை, சஹரில் மீதி என்று முடிக்கிறேன். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டர் சொன்னபடி வையுங்கள்.

சஹரை விடுவது பெரிய தப்பு. இரவு பன்னிரண்டுக்கே சாப்பிட்டுவிட்டு நிய்யத் வைத்துத் தூங்குகிறவர்களுக்குப் பட்டினி 13 மணி நேரம் என்பது 18 ஆகிவிடும். வாப்பா முன்பு பால்சோற்றில் வாழைப்பழமும் சர்க்கரையும் பிசைந்து சாப்பிடுவார், பத்து மணிக்கே பசிக்கும். இப்போது சம்பா கோதுமைச் சோறோ கேழ்வரகு அடையோ, முட்டை, மீன் ஆணம், பருப்பு, தயிர். பஜ்ர் (விடியற்காலைத் தொழுகை) பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் முடிகிற மாதிரி தாமதமாகச் சாப்பிடுங்கள். பகலில் நடைப்பயிற்சி என்று வேறாக எதுவும் வேண்டாம். தராவீஹின் இருபது ரக்அத்தே நல்ல உடற்பயிற்சி, அதற்குப் போகும்போதும் ஒரு பாட்டில் தண்ணீர்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றரை மணியிலிருந்து அடுப்பு முன்னால் நிற்கிறோம். எண்ணெய்ச் சட்டிச் சூட்டில் வேர்ப்பதையும் சுகர் இறங்கி வேர்ப்பதையும் பிரித்தறிய முடியாது. பகல் வேலையைக் காலையிலேயே முடித்து, பொரிப்பதை உட்கார்ந்து செய்யுங்கள். ஆண்பிள்ளைகள் யாராவது வாடா சுடக் கற்றுக்கொண்டால் நோன்பு முறியாது.

பெருநாளைக்கு எல்லோரும் வட்டிலாப்பம் என்ற இனிப்பை மட்டும்தான் நினைக்கிறார்கள். நான் கவலைப்படுவது மாத்திரை நேரத்தைப் பற்றி. பெருநாள் காலையே பழைய சீட்டுக்குத் திரும்ப வேண்டும். குறைத்த அளவிலேயே இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, சுகர் 340 என்று வந்து நிற்பவர்களை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். ரமலானுக்கு அடுத்து வரும் ஷவ்வால் மாதத்தின் ஆறு நோன்பு பிடிக்க நினைத்தால் அந்த ஆறு நாளுக்கு மட்டும் ரமலான் சீட்டு, மற்ற நாளுக்குப் பழையது. இரண்டு சீட்டையும் ஒரே உறையில் வைக்காதீர்கள். நான் ரமலான் சீட்டின் மேல் பச்சைப் பேனாவில் பிறை வரைந்து வைத்திருக்கிறேன்.